நெடுந்தூர ஓட்டமும் இன்சுலின் கணக்கும்

பாரிஸ் நகரில் 2023 ஜூன் மாதம் பிரெஞ்சு ஓபன் டென்னிஸ் போட்டியின்போது எழுந்த ஒரு சிறிய சச்சரவு, வெற்றி தோல்விச் செய்திகளின் பரபரப்பில் விரைவிலேயே மறக்கப்பட்டுவிட்டது. ஜெர்மனி வீரர் அலெக்சாண்டர் ஸ்வெரெவ் நான்கு வயதிலிருந்தே முதல் வகை நீரிழிவுடன் வாழ்பவர். ஆட்டத்தின் நடுவே தனது இருக்கையில் அமர்ந்தபடி இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளக் கூடாது என்றும், பார்ப்பதற்கு அது விநோதமாக இருக்கிறது என்றும் தன்னிடம் கூறப்பட்டதாக அவர் வெளிப்படையாகத் தெரிவித்தார். களத்தைவிட்டு வெளியே சென்று போட்டுக்கொண்டால் அது கழிப்பறை இடைவேளையாகக் கணக்கிடப்படும். ஐந்து செட் ஆட்டத்தில் அத்தகைய இடைவேளை இரண்டுதான். நீண்ட ஆட்டமொன்றில் நான்கைந்து முறை ஊசி தேவைப்படும் ஒருவர் என்ன செய்வது என்பது அவர் எழுப்பிய கேள்வி.

அந்த விதியை வகுத்தவர்களுக்குத் தீய நோக்கம் ஏதும் இருந்திருக்காது. கணையம் ஒழுங்காக வேலை செய்யும் உடலை மனதில் வைத்து எழுதப்பட்ட விதி அது, அவ்வளவுதான். உலகின் முன்னணி வீரருக்கே இந்த நிலை என்றால், பள்ளி மைதானத்தில் நிற்கும் பன்னிரண்டு வயதுச் சிறுமிக்கு என்ன நேரும் என்பதை ஊகிப்பது கடினமல்ல. அவளிடம் யாரும் விதியைக்கூடச் சொல்வதில்லை. "உனக்கு எதற்கம்மா ஓட்டமெல்லாம், நீ நிழலில் உட்கார்ந்து ஸ்கோர் எழுது" என்று அன்போடு ஒதுக்கிவைத்துவிடுகிறார்கள்.

நம் வீடுகளில் 'சர்க்கரை' என்றாலே நடுவயதைக் கடந்தவர்களின் நோய் என்ற எண்ணம்தான் முதலில் வருகிறது. அதற்கான அறிவுரையும் எல்லாருக்கும் மனப்பாடம்: தினமும் நடங்கள். இரண்டாம் வகை நீரிழிவுக்கு இது சரி. முதல் வகை வேறு. உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே கணையத்தின் பீட்டா செல்களை அழித்துவிடுவதால் இன்சுலின் சுரப்பு ஏறக்குறைய முற்றிலும் நின்றுபோகிறது. பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலோ இளமையிலோ வருகிறது. வெளியிலிருந்து இன்சுலின் செலுத்தாமல் உயிர்வாழ முடியாது. இத்தகைய குழந்தைகளின் எண்ணிக்கையில் இந்தியா உலகில் முதலிடத்தில் இருப்பதாகச் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பின் மதிப்பீடு சொல்கிறது. இவர்களுக்கும் உடற்பயிற்சி நல்லதுதான். இதயத்துக்கும் எலும்புக்கும் மனதுக்கும் நல்லது. ஆனால், ஒரு மணி நேரத்துக்கு மேல் நீளும் ஓட்டமோ சைக்கிள் பயணமோ இவர்களுக்கு முன்கூட்டியே திட்டமிட வேண்டிய நிகழ்வு.

ஏன் என்பதைப் புரிந்துகொள்ள ஒரு சிறு கணக்குப் போதும். வளர்ந்த மனிதர் ஒருவரின் உடலில் ஓடும் சுமார் ஐந்து லிட்டர் ரத்தத்தில், ஒரு குறிப்பிட்ட கணத்தில் இருக்கும் சர்க்கரை மொத்தமே ஏறத்தாழ 5 கிராம், ஒரு தேக்கரண்டி அளவு. வேகமாக ஓடும்போது தசைகள் நிமிடத்துக்கு ஒரு கிராம் அளவுக்கு அதை இழுத்துக்கொள்ளக்கூடும். அப்படியென்றால் சில நிமிடங்களிலேயே ரத்தம் வறண்டுவிட வேண்டும். அவ்வாறு ஆகாததற்குக் காரணம் கல்லீரல். தன்னிடம் கிளைக்கோஜனாகச் சேமித்திருக்கும் சுமார் 100 கிராம் சர்க்கரையை, எடுக்க எடுக்க அது நிரப்பிக்கொண்டே இருக்கிறது.

இந்த நிரப்புதலுக்கு ஒரு நிபந்தனை உண்டு. ரத்தத்தில் இன்சுலின் குறைந்தாக வேண்டும். ஆரோக்கியமான உடலில் ஓடத் தொடங்கியதுமே கணையம் இன்சுலின் சுரப்பைச் சுருக்கி, குளுக்ககான் என்ற எதிர் ஹார்மோனைக் கூட்டுகிறது. கல்லீரல் கதவைத் திறக்கிறது. முதல் வகை நீரிழிவு உள்ளவர் காலையில் செலுத்திக்கொண்ட இன்சுலினோ தோலுக்கு அடியில் கிடக்கிறது. அதைத் திரும்ப எடுக்க முடியாது. ஓடுவது அதற்குத் தெரியாது. கல்லீரலின் கதவை அது அடைத்துப் பிடிக்கிறது. அதே சமயத்தில் தசைகளுக்குள் சர்க்கரையைத் தள்ளுகிறது. சுருங்கி விரியும் தசையோ இன்சுலின் உதவி இல்லாமலேயே சர்க்கரையை இழுக்க வல்லது. இரண்டு பக்கமும் இழுபடும்போது சர்க்கரை சரிகிறது. பல ஆண்டுகளாக இந்நோயுடன் வாழ்பவர்களிடம், சர்க்கரை தாழும்போது குளுக்ககானைச் சுரந்து காக்கும் திறனும் மங்கிவிடுகிறது.

இந்த அறிவு புதிதல்ல. 1924ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் ஓடி முடித்தவர்களின் ரத்தத்தை சாமுவேல் லெவின் உள்ளிட்ட மருத்துவர்கள் சோதித்தபோது, தள்ளாடியும் குழம்பியும் வந்து சேர்ந்தவர்களின் சர்க்கரை மிகவும் தாழ்ந்திருந்தது. அவர்கள் நீரிழிவு இல்லாதவர்கள். மறு ஆண்டு ஓட்டத்தின் நடுவே இனிப்பு உண்ணச் செய்தபோது அந்தத் தள்ளாட்டம் தவிர்க்கப்பட்டது. 1926இல் லண்டன் மருத்துவர் ஆர்.டி. லாரன்ஸ், உடலுழைப்பு இன்சுலினின் வேலையை மிகைப்படுத்துகிறது என்பதை 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் விளக்கினார். லாரன்ஸே நீரிழிவு நோயாளி. இறப்பை எதிர்பார்த்து இத்தாலியின் புளோரன்ஸ் நகருக்குச் சென்றவர், 1923இல் இன்சுலின் கிடைத்ததால் பிழைத்துத் திரும்பியவர். இன்சுலின் மனிதருக்கு முதன்முதலில் செலுத்தப்பட்டது 1922 ஜனவரியில். அதாவது, மருந்து வந்த நான்கு ஆண்டுகளுக்குள் சிக்கலும் தீர்வின் திசையும் தெரிந்துவிட்டன. நூறு ஆண்டுகள் கழித்தும் நமது பள்ளி மைதானங்களுக்கு அது வந்து சேரவில்லை.

எல்லா உழைப்பும் சர்க்கரையை இறக்குவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நூறு மீட்டர் ஓட்டம், பளுதூக்குதல் போன்ற கடும் குறுகிய முயற்சிகளில் அட்ரினலின் பெருகிச் சர்க்கரை ஏறும். முதல் வகை நீரிழிவு கண்டறியப்பட்ட மறு ஆண்டே, 2000 சிட்னி ஒலிம்பிக்கில் 50 மீட்டர் நீச்சலில் தங்கம் வென்ற அமெரிக்கர் கேரி ஹால் ஜூனியரின் சவால் வேறு. 1997இல் நோய் தெரிந்த பின்னரும் 2003 வரை சர்வதேசக் கிரிக்கெட்டில் வெயிலில் ஓவர் ஓவராகப் பந்து வீசிய வாசிம் அக்ரமின் சவால் வேறு. மத்திம வேகத்தில் மணிக்கணக்கில் தொடரும் உழைப்பே சர்க்கரையை மெல்ல மெல்லக் கீழே இழுத்துச் செல்வது. நீண்ட ஓட்டம் முடிந்ததும் பத்து விநாடிகள் முழு வேகத்தில் ஓடினால், அடுத்துவரும் சரிவு சற்று நேரம் தடுக்கப்படுகிறது என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2006இல் காட்டினர். ஓட்டத்தை ஓட்டத்தாலேயே தடுக்கும் வேடிக்கை இது.

சரி, மாரத்தான் ஓட விரும்பும் ஒருவர் என்ன செய்ய வேண்டும்? பல நாட்டு வல்லுநர்கள் கூடி 2017இல் 'லான்செட்' குழுமத்தின் நீரிழிவு இதழில் வெளியிட்ட ஒருமித்த அறிக்கை இதற்கு ஓரளவு தெளிவான சட்டகத்தைத் தந்தது. தொடங்கும்போது சர்க்கரை டெசிலிட்டருக்கு 126 முதல் 180 மில்லிகிராம் வரை இருப்பது பொதுவாக ஏற்றது. 90க்குக் கீழே இருந்தால் முதலில் சிறிது மாவுச்சத்து உட்கொண்டு காத்திருக்க வேண்டும். காரணம் புரியாமல் 270ஐத் தாண்டியிருந்தால் கீட்டோன் சோதிக்க வேண்டும். ரத்தக் கீட்டோன் 1.5 மில்லிமோலைத் தொட்டால் அன்று ஓட்டமில்லை. முந்தைய 24 மணி நேரத்துக்குள் பிறர் உதவி தேவைப்படும் அளவுக்குக் கடுமையான தாழ்சர்க்கரை வந்திருந்தாலும் ஓட்டமில்லை. ஓட்டத்துக்கு முந்தைய உணவுக்கான இன்சுலினை, உழைப்பின் கடுமையையும் நேரத்தையும் பொறுத்துக் கால் பங்கிலிருந்து முக்கால் பங்கு வரை குறைக்க வேண்டியிருக்கும். பம்ப் பொருத்தியிருப்பவர், கால் எடுத்து வைப்பதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே அடிப்படை அளவைத் தாழ்த்த வேண்டும். ஓடும்போது மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து. நாலரை மணி நேரத்தில் மாரத்தானை முடிப்பவருக்கு, இது மொத்தம் 200 கிராமுக்கு அருகில் வரும். நடுத்தர வாழைப்பழத்தில் 25 கிராம் என்று வைத்துக்கொண்டால் எட்டுப் பழங்கள்! ஓடிக்கொண்டே அவற்றைத் தின்னும் வயிற்றுக்கும் பயிற்சி வேண்டும் என்பதை ஓட்டக்காரர்கள் அறிவார்கள்.

இவை எல்லாருக்கும் ஒரே மாதிரி பொருந்தும் எண்கள் அல்ல. ஒவ்வொருவரும் தமது மருத்துவருடன் சேர்ந்து, பல வாரப் பயிற்சியில் குறித்துவைத்துத் திருத்திக்கொள்ள வேண்டியவை. தாழ்சர்க்கரைக்குப் பயந்து இன்சுலினை முற்றிலும் விட்டுவிட்டு ஓடுபவர்களும் உண்டு. அது அதைவிட ஆபத்து. இன்சுலின் இல்லாத உடல் கொழுப்பை எரித்துக் கீட்டோன்களைக் குவிக்கும். நீண்ட உழைப்பு அதை விரைவுபடுத்தி உயிருக்கே உலை வைக்கும். தொடக்கக் கோட்டில் நிற்கும் பதற்றத்திலேயே அட்ரினலினால் சர்க்கரை 250க்குப் போவதும், அதைக் கண்டு கூடுதலாக இன்சுலின் போட்டுக்கொண்டவர் பாதி வழியில் சரிந்து விழுவதும் இந்தக் கணக்கின் இன்னொரு பொறி.

நம் ஊர் மாரத்தான்கள் வெயிலுக்கு அஞ்சி விடியலுக்கு முன்பே தொடங்குகின்றன. இது ஒரு வகையில் சாதகம். உணவுக்கான இன்சுலின் அப்போது உடலில் இருக்காது; வெறும் வயிற்றில் அதிகாலையில் ஓடும்போது சரிவு குறைவு. பாதகம், ஏழு மணிக்கு மேல் ஏறும் வெப்பம். தோல் சூடேறினால் இன்சுலின் வேகமாக உறிஞ்சப்படும். தொடையில் ஊசி போட்டுக்கொண்டு ஓடினாலும் அப்படியே, ஆகவே வயிற்றில் போட்டுக்கொள்வதே நல்லது. வெயிலில் கிடக்கும் இன்சுலின் வீரியம் இழக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, வியர்வை, தளர்ச்சி, தலைசுற்றல், பிதற்றல் ஆகியவை வெப்பச் சோர்வின் அடையாளங்கள். தாழ்சர்க்கரையின் அடையாளங்களும் இவையே. விழுந்து கிடப்பவரின் முகத்தில் தண்ணீர் தெளித்து விசிறிவிடும் தன்னார்வலர், விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்கப் பழக்கப்பட்டிருக்க வேண்டும்.

பலர் அறியாத இன்னொரு விஷயம் உண்டு. வழியில் கொடுக்கப்படும் உப்பு-சர்க்கரைக் கரைசல் தாழ்சர்க்கரையை மீட்டுவிடும் என்ற நம்பிக்கை தவறானது. உலக சுகாதார அமைப்பு வகுத்த கரைசலில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான் இருக்கிறது. ஒரு குவளை, அதாவது 200 மில்லி குடித்தால் 3 கிராம்கூட வராது. சரிந்த சர்க்கரையை மீட்க உடனடியாகத் தேவைப்படுவது 15 கிராம் அளவு. குளுக்கோஸ் பவுடர் மூன்று நான்கு தேக்கரண்டி, அல்லது நன்கு இனித்த சர்க்கரைத் தண்ணீர். கடலை மிட்டாய் ஓட்டத்துக்கு முன் உண்ண நல்ல பண்டம். அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும் என்பதால், மயங்கும் நேரத்துக்கு உதவாது. நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. அந்நிலையில் குளுக்ககான் ஊசி வேண்டும். அது நம் நாட்டின் பெரும்பாலான மருந்துக் கடைகளில் கிடைப்பதில்லை.

தோலில் ஒட்டிக்கொள்ளும் சென்சார் இந்தச் சிரமங்களில் பாதியைக் குறைத்திருக்கிறது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை அளவையும், அது ஏறுகிறதா இறங்குகிறதா என்ற அம்புக்குறியையும் கைப்பேசியில் காட்டுகிறது. எல்லா வீரர்களும் முதல் வகை நீரிழிவு உள்ளவர்களாகவே அமைந்த நோவோ நோர்டிஸ்க் சைக்கிள் அணி, ஏறத்தாழ 300 கிலோமீட்டர் நீளும் மிலான்-சான் ரெமோ பந்தயத்தில் ஓடியதற்கு இக்கருவியும் ஒரு காரணம். ஆனாலும் அது ரத்தத்தை நேரடியாக அளப்பதில்லை. தோலடித் திசுநீரை அளக்கிறது. அளவு வேகமாக இறங்கும்போது திரையில் தெரியும் எண் சில நிமிடம் பழையது. 100 என்று காட்டி அம்புக்குறி கீழ்நோக்கி இருந்தால், உண்மையில் 80க்கு வந்திருக்கலாம். தவிர, இரு வாரம் உழைக்கும் ஒரு சென்சாருக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகிறது. தினக்கூலிக் குடும்பத்துக்கு குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப்பின் விலையே பாரம்.

இங்கேதான் மேலைநாட்டு வழிகாட்டிகளுக்கும் நம் அரசு மருத்துவமனை வாசலுக்கும் இடையிலுள்ள தூரம் தெரிகிறது. அந்த வழிகாட்டிகள் பம்பையும், ஒன்றிரண்டு மணி நேரத்தில் உச்சம் தொட்டு நான்கைந்து மணி நேரத்தில் அடங்கும் நவீன இன்சுலினையும் மனதில் வைத்து எழுதப்பட்டவை. இலவசமாகக் கிடைப்பது பெரும்பாலும் பழைய ரெகுலர் இன்சுலினும், இரண்டும் கலந்த முன்கலவையும். ரெகுலர் இன்சுலின் உச்சம் தொடவே இரண்டு முதல் நான்கு மணி நேரம் ஆகும்; எட்டு மணி நேரம் வரை நீடிக்கும். முன்கலவையில் உணவுக்கான அளவைக் குறைத்தால் நாள் முழுவதற்குமான அளவும் சேர்ந்து குறைந்துவிடும்.

ஒரு பள்ளி நாளில் இதைப் பொருத்திப் பாருங்கள். மதியம் பன்னிரண்டரை மணிக்குச் சாப்பாட்டுக்கு முன் ரெகுலர் இன்சுலின் போட்டுக்கொண்ட மாணவனுக்கு அதன் உச்சம் இரண்டரையிலிருந்து நாலரை வரை. விளையாட்டு வகுப்பும் மாலைப் பயிற்சியும் நம் பள்ளிகளில் பெரும்பாலும் அதே நேரத்தில்தான். இன்சுலின் மிக வலுவாக இருக்கும் நேரத்தில், மதிய உணவு செரித்து முடிந்த பிறகு, வெயிலில் ஓடச் சொல்கிறோம். மயங்கி விழுகிறான். 'இவன் உடம்புக்கு விளையாட்டு ஒத்துக்கொள்ளாது' என்று தீர்ப்பாகிவிடுகிறது. விளையாட்டு வகுப்பைக் காலை முதல் பாடவேளைக்கு மாற்றுவதோ, பயிற்சி நாளில் மதிய அளவைக் குறைத்து மூன்று மணிக்கு இரண்டு வாழைப்பழம் கொடுப்பதோ யாருக்கும் தோன்றுவதில்லை. செலவு என்று பார்த்தால் பத்துப் பதினைந்து ரூபாய்.

விதிகள் இல்லாமலும் இல்லை. தேர்வு அறைக்குள் முதல் வகை நீரிழிவு மாணவர்கள் சர்க்கரை மாத்திரை, பழம், தண்ணீர் கொண்டுசெல்ல மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2017இல் அனுமதித்தது. வகுப்பறையில் சர்க்கரை பார்க்கவும், இன்சுலின் போடவும், இடையில் உண்ணவும் அனுமதிக்க வேண்டும் என்று தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் மாநிலங்களுக்கு எழுதியது. மருத்துவர் ஆலோசனைப்படி விளையாட்டில் சேர்ப்பதும் அதில் அடங்கும். உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் தடைப் பட்டியலில் இன்சுலின் இருந்தாலும், நோயாளிகளுக்குச் சிகிச்சை விலக்கு வழங்க முறை இருக்கிறது. காகிதத்தில் உள்ள அனுமதி உடற்கல்வி ஆசிரியரின் அறைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறதா என்பதே கேள்வி. ஒரு டப்பா குளுக்கோஸ் பவுடர், ஒரு குளுக்கோமீட்டர், யார் யாருக்கு இந்நோய் என்ற பட்டியல், 'சார், தலை சுற்றுகிறது' என்று சொன்ன மாணவனைக் கிண்டல் செய்யாமல் நிறுத்தும் பழக்கம் ஆகியவை அங்கே இருக்க வேண்டும். மாரத்தான் நடத்துபவர்களிடம் கேட்க வேண்டியதும் ஏறக்குறைய இதுதான்: மார்பு எண் அட்டையில் நோய்க் குறிப்பு, நிறுத்தங்களில் குளுக்கோஸ், உதவிப் பணியாளருக்கு ஒரு மணி நேரப் பயிற்சி.

இத்தனையும் செய்தாலும் ஒரு பகுதி மிஞ்சுகிறது. அது மைதானத்தில் நிகழ்வதில்லை. ஓட்டத்தில் தீர்ந்துபோன கிளைக்கோஜனைத் தசைகள் பல மணி நேரம் மீண்டும் நிரப்பிக்கொள்கின்றன. ஒரு நாள் வரைகூட இன்சுலினுக்கு அவை கூர்மையாக வேலை செய்கின்றன. எனவே, பயிற்சி முடிந்து ஆறு முதல் பதினைந்து மணி நேரம் கழித்து, பெரும்பாலும் ஆழ்ந்த உறக்கத்தில் சர்க்கரை சரிகிறது. உறங்கும் உடல் எச்சரிக்கை அடையாளங்களை உணர்வதும் மட்டு. வெற்றியைக் கொண்டாட மது அருந்தும் பெரியவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். மது கல்லீரலின் உற்பத்தியையும் முடக்கிவிடும். படுக்கைக்குமுன் அளவு பார்த்தல், சிறு உணவு, மருத்துவர் சொல்படி இரவு இன்சுலினைச் சற்றுக் குறைத்தல், நள்ளிரவுக்குப் பின் ஒருமுறை சோதித்தல் ஆகியவை பாதுகாப்பு. இவற்றைச் செய்ய வேண்டியவர் வீட்டில் இருக்கும் தாய் அல்லது தந்தை. அன்று மாலை மகன் ஒன்றரை மணி நேரம் கால்பந்து ஆடினான் என்ற தகவல் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மாணவனின் கையேட்டில் ஆசிரியர் எழுதும் ஒரு வரி போதும். அந்த வரி இருந்தால் தாய் இரவு இரண்டு மணிக்கு எழுந்து பார்ப்பார். இல்லையென்றால், ஆடிக் களைத்து நன்றாகத் தூங்குகிறான் என்று நினைத்து விளக்கை அணைத்துவிடுவார்.